ஹால் பல்பு சம்பந்தமாக

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் நலம். விளக்கு எரியும் நேரங்களில் ஒருவரையொருவர் பார்த்து அதை உறுதிசெய்துகொள்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ ஃபோன் செய்து நாளாகிறது. நான் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். தவிர, ஃபோனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். கோர்ட்டில் காலமெல்லாம் மனுக்களைத் தட்டச்சு செய்த கை, ஆகவே கடிதம்.

விஷயம், போன தடவை நீ வந்தபோது நன்றாக எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டுகளைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு மாட்டிய, எங்கிருந்தும் ஃபோனிலேயே போட்டு அணைக்கலாம் என்ற எல்.இ.டி. பல்புகள் பற்றியது. கரண்ட் மிச்சமாகும் என்றாய், ஆகிறது, மறுக்கவில்லை. பாதி நேரம் இருட்டில்தானே இருக்கிறோம். சுவிட்சைத் தொட்டால் பல்புக்கு எல்லாம் மறந்துபோகும் என்று நீ கூட்டிவந்த எலக்ட்ரீஷியன் சுவிட்சுகள்மேல் டேப் ஒட்டிவிட்டார். பேசினால் கேட்கும் என்று நீ வைத்துவிட்டுப் போன டப்பாவிடம், "ஹால் லைட்டைப் போடும்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அது ஏதோ ஊரில் பனி பெய்வதைச் சொன்னது. மேற்படி டப்பாவோடு நான் வாதாடிக்கொண்டிருக்கையில் பல்பு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நீலமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வந்த இன்ஷூரன்ஸ்காரர் வாசலிலேயே நின்று, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பாலிசி பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். மறுநாள் உன் அம்மா மிக்ஸிக்கு இடம் வேண்டுமென்று ஒரு பிளக்கைப் பிடுங்க, அது இன்டர்நெட் பெட்டியுடையதாம், அன்று சாயங்காலம் ஒரு விளக்கும் எரியாமல், நான் ஸ்டூலில் இடித்துக்கொண்டு, முழங்கால் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் போகட்டும்டா. அந்த ஹால் பல்பு ஆறு மணிக்கு எரியுது பார், அதை நீதான் அங்கேயிருந்து போடுறேன்னு உன் அம்மா நம்பிக்கிட்டு இருக்கா. ஆறு அடிக்கும் முன்னே தலை வாரிக்கொண்டு, பல்புக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். எரிந்ததும், "போட்டுட்டான். இன்னைக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இல்ல? வேலை ஜாஸ்தி போல, பாவம்" என்பாள். போன வாரம் மழை. நாலு மணிக்கே வீடு இருட்டிப்போச்சு. நான் டேப்பைப் பிய்க்கப் போனேன். "கையை எடுங்க. அவன் போடுவான், இருங்க"ன்னுட்டா. இருட்டுல ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நேற்று அந்த எலக்ட்ரீஷியன் ஃபேனைப் பார்க்க வந்தார். நான் பெருமையாக, பையன் தினமும் விளக்குப் போடுகிறான் என்றேன். "சார், அதை யாரும் போடறதில்ல. அன்னைக்கே டைம் வெச்சு விட்டாச்சு. உங்க பையன் ஃபோனைத் தொடவே வேணாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மா சமையலறையில் இருந்தாள், நல்லவேளை. தெரிந்தால் தாங்க மாட்டாள். ஆகவே உன்னிடம் கேட்டுக்கொள்வது: ஒரே ஒரு நாள், நீயே உன் கையால் அதைப் போடு. ஆறுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டால், நீதான் என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

குழந்தைக்கு முத்தம். மருமகளுக்கு எங்கள் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடு, குறைந்த வெளிச்சத்தில் படிக்காதே.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன், உன் அம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "டைம் வெச்சதுன்னு எனக்கு முதல் வாரமே தெரியும். ஒரு நிமிஷம் முந்தாம பிந்தாம, நம்ம பையனா செய்வான்? ஆனா ஆறு மணியானா நீங்க முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல உட்காருவீங்க. அதைக் கெடுப்பானேன்னுதான் அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்கிறாள். ஆகவே மேற்கண்ட மனுவைத் தள்ளுபடி செய்துவிடு. இதோ, ஹால் பல்பு எரிந்துவிட்டது. இன்றைக்கு இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீட்டிங் இல்லாத நேரமாப் பார்த்து ஒரு ஃபோன் பண்ணுடா.