ஒரு வாழ்த்துப்பாவுக்கு இரண்டு முட்டை

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் எழுத்துக்குக் கூலி வாங்கிய மனிதர் ஒருவர்தான். அதனாலேயே அவர் எழுத்தாளரே இல்லை என்று எங்கள் வாசகசாலை தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவர் பொருளாளர், பிழையில்லாமல் பதிவு செய்த செயலாளர் நான். கூட்டத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை இருந்தது. நடைமுறையில் ஒரு குறையும் கிடையாது.

அவரை முட்டைக் கவிராயர் என்போம். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, சாவுக்கு இரங்கற்பா எழுதிவந்து படிப்பார். வாழ்த்துக்கு இரண்டு முட்டை, இரங்கலுக்கு ஒன்று. வாழைமரம் போட்ட, மதிப்பிழந்த ஜப்பான் நோட்டை யாராவது நீட்டினால், "இதை அவிச்சா வேகுமா அண்ணே" என்று கேட்பார். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். மிதந்துவிட்டால், "இது கெட்டுப்போச்சு. இதுக்கேத்த பாட்டு வேணும்னா சொல்லுங்க, இப்பவே தரேன்" என்பார்.

முட்டை எங்கே போகிறது என்பது ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையே தின்று அவர் மனைவிக்குக் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் விழும் குழி சீக்கிரம் எழாது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. "தினம் ஒரு முட்டையாவது குடுங்க" என்று அங்கே மருந்து கட்டும் டிரஸ்ஸர் சொல்லி அனுப்பியிருந்தார். கவிராயர் எழுதினால் அந்த அம்மாளுக்கு முட்டை, எழுதாவிட்டால் கிழங்கு. விஷயம் அவ்வளவுதான்.

கிள்ளானிலிருந்து பெண் எடுத்த ஒரு வீட்டில் ஒரு முட்டையைக் கொடுத்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கவிராயர் எழுந்து மாப்பிள்ளையைச் சூரியன் என்றார், சிங்கம் என்றார், வள்ளல் என்றுகூடச் சொன்னார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணைப் பத்தி ஒண்ணும் காணோமே" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

"பொண்ணு ரெண்டாவது முட்டைல இருக்கு அண்ணே."

தாலி கட்டிய கையோடு பெண்ணின் தாயார் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு ஓடியதை நான் அந்த ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். முட்டை சூடாகவே வந்து சேர்ந்தது. பெண் நிலவானாள்.

பிறகு எங்கள் வாசகசாலை ஆண்டு விழா வந்தது. அவரை ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னோம். எங்கள் தலைவருக்கு அரிசிப் பங்கீட்டுக் கடையில் வேலை. அவர் வீட்டில் யாருக்கும் கால் வீங்கவில்லை.

"தமிழுக்குச் செய்யுற சேவைலா இது. இதுக்குப் போயி முட்டை கேக்கலாமா?" என்றார் தலைவர்.

"தவில்காரருக்கு என்ன தரீங்க தலைவரே?"

"ஒரு கூடை மரவள்ளி."

"பந்தல்காரருக்கு?"

"அரிசி. அவங்கள்லாம் வேர்க்க வேர்க்க உழைக்கிறாங்க."

மறுநாள் உச்சி வெயிலில் வாசகசாலைக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து கவிராயர் எழுத ஆரம்பித்தார். சைக்கிளில் வந்த ஜப்பான் சிப்பாய் ஒருவன் நின்று பார்த்தான். குனிந்து வணங்காதவனை அறையாமல் போன சிப்பாயை நான் அன்றுதான் கண்டேன். பைத்தியம் என்று முடிவு செய்திருப்பான். மை கரைந்து ஓடிய தாளைக் கொண்டுவந்து தலைவரின் மேஜைமேல் விரித்தார் கவிராயர்.

"வேர்த்திருக்கு தலைவரே. தொட்டுப் பாருங்க."

தலைவர் தொடவில்லை. தீர்மானம் போட்டார். கூலிக்கு எழுதுகிறவர் எழுத்தாளரே இல்லை, அவரிடம் உறுப்பினர் யாரும் எழுதி வாங்கக் கூடாது.

அதோடு போயிருந்தால் கவிராயர் சமாளித்திருப்பார். தீர்மானங்களை யாரும் மதிப்பதில்லை என்பது, பிற்பாடு முப்பது வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டிய எனக்குத் தெரியும். அவரைச் சாய்த்தது தீர்மானம் அல்ல, நான். எனக்குக் கொஞ்சம் யாப்பு தெரியும், கையெழுத்து அழகாக இருக்கும், ரயில்வே குமாஸ்தா என்பதால் பங்கீட்டு அரிசியும் வந்துகொண்டிருந்தது. வாழ்த்துப்பாவை இலவசமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். சபையில் என் பெயரைச் சொன்னார்கள். மாலைகூடப் போட்டார்கள். சும்மா கிடைக்கும் பாட்டுக்கு முட்டை கொடுக்க யாருக்குப் பைத்தியம்?

ஒருநாள் கவிராயர் என்னை வழியில் மடக்கினார்.

"தம்பி, எழுது, வேணாங்கலே. ஆனா எதையாவது கேட்டு வாங்கிக்க. ஒரு பிடி கீரையாவது. நீ ஒண்ணும் கேக்காததால எனக்கு ஒருத்தனும் தர மாட்டேங்கறான்."

"நான் தமிழுக்காக எழுதுறேன் அண்ணே" என்றேன். அதைச் சொன்ன வாயால்தான் இன்றும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் மனைவிக்கு வீக்கம் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. ஒருநாள் காலையில் அந்த அம்மாள் இறந்துபோனார். வாசகசாலை அவசரக் கூட்டம் கூடி, ஆழ்ந்த அனுதாபத்தை ஒருமனதாகத் தெரிவித்து, இரங்கற்பாவோடு செயலாளரை அனுப்பியது. கற்பரசி என்றும் இல்லத்தின் விளக்கு என்றும் பன்னிரண்டு வரி படித்தேன். கவிராயர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

"எதுகையெல்லாம் சுத்தம் தம்பி. அவ பேரைத்தான் காணோம்."

எனக்குப் பெயர் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

"அஞ்சலை" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் வரியை அடித்துவிட்டு அஞ்சலை என்று தொடங்கி எழுதினேன். மறுபடி முழுதும் படித்தேன். அவர் உள்ளே போய் ஒரு முட்டையோடு வந்தார்.

"நேத்து ஒருத்தருக்கு விறகு பொளந்து குடுத்து வாங்குனது. அவளுக்கு உள்ள இறங்கலே. நீ வாங்கிக்க."

"ஐயோ வேணாம் அண்ணே."

"சும்மா வாங்குன பாட்டுல அவளை அனுப்ப மாட்டேன்."

வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே ஒரு கல்யாண வீட்டார் வழக்கம்போல வாழ்த்துப்பா கேட்டு என்னிடம் வந்தார்கள். "எனக்கு மூணு முட்டை" என்றேன். திகைத்துப்போனார்கள். "கவிராயர்கிட்ட போங்க. அவரு ரெண்டுதான் வாங்குறாரு, என்னைவிட நல்லாவும் எழுதுவாரு" என்று சொல்லி, வழி தெரியாமல் போய்விடுவார்களோ என்று அவர் வீட்டுப் படி வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.