அரிசோனாவுக்குப் போன ஆர்லன்

"இனிமே என்னால வர முடியாது" என்று காரிலேயே நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்லன் ஊர் நலவாழ்வுச் சங்கத்துக்குள் நுழைந்தார். கார் இல்லாத நோயாளிகளை எழுபது மைல் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவருடைய தொண்டு. இருபத்துமூன்று வருடமாகச் செவ்வாய்தோறும் செய்கிறார். இப்போது வயது எழுபத்திரண்டு, முதுகு கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையாவது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏங்கினார்.

சங்கத் தலைவி மார்லிஸ் காபியும் கேக்கும் கொடுத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், வெள்ளிக்கிழமையும் ஓட்ட முடியுமா என்று கேட்டுவிட்டாள். அவர்கள் ஊர் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லும் ஆள் இன்னும் பிறக்கவில்லை.

"நாங்க அரிசோனாவுக்குக் குடி போறோம்" என்றார் ஆர்லன். அவருக்கே அது புதுச் செய்தி.

வீட்டில் மனைவி வெர்னா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"முதுகு வலின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா தைலம் கொண்டுவந்து தேய்ச்சு விடுவாங்க. அப்புறம் ரெண்டு நாளும் ஓட்டணும்."

குளிர் தாங்காமல் வயதானவர்கள் வெயில் காயும் அரிசோனாவுக்குப் போவது ஊரில் சகஜம். இரண்டு மாதம் வீட்டிலேயே பதுங்கியிருந்து, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வசந்தத்தில் 'திரும்பி' விடலாம் என்று கணக்குப் போட்டார்.

சங்கம் சும்மா விடுமா? தேவாலயத்தில் பிரிவு விருந்து வைத்தது. நாற்பது பேர் வந்தார்கள். பரிசாக ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். ஆறு வருடமாக அவர் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன ஹேசல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு வேறு டிரைவர் கிடைத்துவிட்டார் என்பது மட்டும்தான் ஆறுதல். ஆர்லனும் அழுதார். வெட்கத்தில் அழுதார் என்பது வெர்னாவுக்கு மட்டும் தெரியும்.

காரை ஷெட்டில் மறைத்தார்கள், திரைகளை இழுத்து மூடினார்கள். ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. காலி வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்குமே என்று மார்லிஸுக்குக் கவலை வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் தொண்டர்களை முறை போட்டு அனுப்ப ஆரம்பித்தாள். அந்த இரண்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் நிலவறையில் ஹீட்டருக்குப் பின்னால் நின்றார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மார்லிஸே வந்தாள். தலைக்கு மேலே அவள் காலடிச் சத்தம் கேட்டது. ஆர்லனின் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. எடுக்காவிட்டால் மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க வீட்டுலதான் நிக்கிறேன். அங்க வெயில் எப்படி?"

"கொளுத்துது" என்று கிசுகிசுத்தார். ஹீட்டர் பக்கத்தில் நின்றதால் அது ஒன்றுதான் உண்மை.

"ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறீங்க?"

"வெர்னா தூங்கறா."

வெர்னா அவரை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு இத்தனை சூடு? குறைச்சு வெச்சுட்டுப் போறேன்" என்றாள் மார்லிஸ். குறைத்தும் வைத்தாள். கூட்டிவைத்தால் அடுத்து வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இருவரும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, இதற்கு மருத்துவமனைக்கே ஓட்டியிருக்கலாம் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

பிறகு ரொட்டி தீர்ந்தது. திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பி, தெரிந்த முகமே இருக்காது என்று தொண்ணூறு மைல் தள்ளி ஒரு கடைக்குப் போனார்கள். வெங்காயத்துக்கு அந்தப் பக்கம், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். பார்த்தால் டுவேன்! சங்கத்தில் பன்னிரண்டு வருடம் ரத்த அழுத்தம் பார்த்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஃப்ளோரிடாவில் குடியேறுகிறேன் என்று ஊரே அழுது வழியனுப்பி வைத்த மனிதர்.

 இருபத்துமூன்று வருடப் பெயர் போயிற்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான் என்று, "அரிசோனாவுக்குன்னு சொல்லிட்டு..." என ஆர்லன் வாயைத் திறந்தார்.

டுவேன் அவரை மேலும் கீழும் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை ஃப்ளோரிடாவுக்குப் போனவங்க நாள்யா. அரிசோனாவுக்குப் போனவங்க வியாழக்கிழமைதான் வரணும்."