நானூற்றுப் பதினேழாம் நம்பர் இணைப்பு

மூக்கண்டப்பள்ளித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஆரம்பப் பள்ளிக்கு, 1991ஆம் ஆண்டு, மேலிடத்தின் பெருங்கருணையால் ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை எரிசக்திச் சிக்கன வாரம். மாணவச் செல்வங்களுக்கு விளையாட்டு முறையில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கற்றுத்தர வேண்டும். எவ்வளவு மிச்சமானது என்று படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். ரொம்ப நல்ல விஷயம். என்ன, அந்தப் பள்ளியில் மின்சாரம் கிடையாது.

அதற்கு ஜெய்னப் டீச்சர் மனுப் போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே அறை, ஒரே டீச்சர், இரண்டு ஜன்னல். பக்கத்துக் கம்பெனிக்காரன் மதிலை உயர்த்தியதிலிருந்து அந்த ஜன்னல்களும் பேருக்குத்தான். மேகம் மூடினால் கரும்பலகையில் பானை எது, யானை எது என்று தெரியாது. "அம்மா யானையில் சோறு ஆக்கினாள்" என்று முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் படிக்கும்போது டீச்சருக்கு அழுகையே வந்துவிடும். ஒரே ஒரு குண்டு பல்பு போதும் என்றுதான் பாவம் அவர் கேட்டது.

சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் கல்வி ஆபீசுக்குப் போனார். கிளார்க் திம்மப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லாத கரண்டை எப்படி சார் மிச்சம் பண்றது?"

"இருக்கிற கரண்டை யார் வேணா மிச்சம் பண்ணலாம் மேடம். நீங்க படிச்சவங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடிக்கோங்க."

"மின் இணைப்பு எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கே?"

"காலியா விட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. ஏதாவது நம்பர் போடுங்க."

"எங்கிட்ட இருக்கிறது மனு நம்பர்தான்."

"அதுவும் நம்பர்தானே?"

டீச்சர் 417/1985 என்று எழுதினார்.

சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் 'ஓடி வா, அணைத்து விடு' என்று ஒரு விளையாட்டு இருந்தது. விசில் ஊதியதும் பிள்ளைகள் ஓடிப்போய் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சுக்கு எங்கே போவது? டீச்சர் சாக்பீசால் சுவரில் நாலு சுவிட்சு வரைந்தார். விளையாட்டு அமோகமாகப் பிடித்துக்கொண்டது.

"டீச்சர், திம்மராயன் ஃபேனைப் போட்டுட்டு ஒண்ணுக்குப் போயிட்டான்!" என்றாள் அதியா.

"போட்டவன்தான் அணைக்கணும். வரட்டும்."

"அதுக்குள்ள எனக்குக் குளுருது டீச்சர்!"

வெள்ளிக்கிழமை படிவம் போனது. போன வருஷப் பயன்பாடு: பூஜ்யம். இந்த வருஷம்: பூஜ்யம்.

பத்தே நாளில் ஜீப் வந்தது. அதிகாரி நாராயணப்பன் இறங்கினார், பின்னாலேயே திம்மப்பன் மாலையோடு.

"ஆறு வருஷமா இணைப்பு இருந்தும் ஒரு யூனிட்கூட தொடலையே! அடேயப்பா, என்ன கட்டுப்பாடு!"

"ஐயோ சார், இணைப்பே இல்ல. அது மனு நம்பர்..."

"பாத்தீங்களா திம்மப்பன்? இதுக்குப் பேருதான் அடக்கம்."

மாவட்டத்தின் முதல் கேடயம் டீச்சர் கையில் திணிக்கப்பட்டது. "இது வேணாம் சார், ஒரு பல்பு குடுங்க" என்று அவர் கெஞ்சினார். நாராயணப்பன் பதறிப்போனார்.

"பல்பு வந்தா பூஜ்யம் போயிடுமே!"

மறுநாளே அந்தப் பழைய மனு முடித்துவைக்கப்பட்டது. "மேற்படி பள்ளிக்கு 417ஆம் எண் இணைப்பு ஏற்கெனவே உள்ளபடியால் புதிய இணைப்பு தேவையற்றது." டீச்சர் வயிறெரிந்துபோய்ப் பெற்றோரைக் கூட்டினார். கம்பெனியில் வேலை பார்க்கும் கோவிந்தப்பன், ஊர் சார்பாக எழுந்து கேடயத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்க தலைமுறையில முதல்முதலா ஒண்ணு ஜெயிச்சிருக்கோம் டீச்சர். பல்பு கில்புன்னு கெடுத்துடாதீங்க."

அடுத்த வருஷச் சுற்றறிக்கை, முந்தைய வருஷத்தைவிட இருபது சதவீதம் குறைக்கச் சொன்னது.

"பூஜ்யத்துல எதை சார் குறைக்கிறது?"

திம்மப்பன் நேரில் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் வழியா வர்றது என்ன மேடம்?"

"வெளிச்சம்."

"அதுவும் எரிசக்திதானே? ரெண்டையும் சாத்திட்டா ஒரே வருஷத்துல அஞ்சு வருஷ இலக்கு முடிஞ்சிரும்."

சாத்தினார்கள். இனி யானையும் இல்லை, பானையும் இல்லை. இருட்டில் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். கூப்பிட்ட பேருக்கெல்லாம் "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. பத்துப் பன்னிரண்டு தொண்டைகள்தான் முப்பது பேருக்கும் வேலை செய்கின்றன என்று டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? ஏழு வருஷம் போராடியவருக்கு அலுத்துப்போயிருந்தது. எல்லாருக்கும் வருகை போட்டார்.

நூறு சதவீத வருகைக்கான கேடயமும் அந்தப் பள்ளிக்கே கிடைத்தது. சாயங்காலம் விழா, பந்தலில் சிக்கனம் கருதி விளக்குப் போடவில்லை. "ஜெய்னப் டீச்சர்!" என்று நாராயணப்பன் அழைத்தார். இருட்டில் யாரோ "உள்ளேன் ஐயா" என்றார்கள். கேடயம் வழங்கப்பட்டது. வந்திருந்தவர்களும் வராதவர்களும் பலமாகக் கை தட்டினார்கள்.