விளைக்குப் போகும் பாதையை நான் திறந்து வைத்த கதை

பொதுநலத்தில் இறங்குகிற எவனுக்கும் உள்ளுக்குள் சொந்தமாக ஒரு காரணம் இருக்கும். சிலருக்குப் பெயர் வேண்டும். சிலருக்கு வீட்டிலிருந்து தப்பிக்க ஓர் இடம் வேண்டும். என்னுடைய காரணத்தின் பெயர் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் எனக்குப் பேசி முடித்திருந்த பெண். அவள் ஊர் கடற்கரையில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டில் போனால் பதினோரு மைல். பழைய சைக்கிள் பாதையில், 'விளை' என்று எல்லோரும் சொல்லும் சின்னப் பனங்காட்டுக் குடியிருப்பு வழியாகப் போனால் ஐந்தே மைல். அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான், பாதி தூரம் நாங்கள்தான் தள்ளினோம். பழைய பாதையோ ஆள் நடமாட்டம் குறைந்து, உடைமரமும் கள்ளியும் மண்டிக் கிடந்தது. விளையிலிருந்து கருவாடும் கருப்பட்டியும் விற்க வரும் பெண்கள் மட்டும் எப்படியோ நுழைந்து வருவார்கள். சைக்கிள் போகாது.

எனக்குச் சைக்கிள் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பார்க்க யார் விடப்போகிறார்கள்? இருந்தாலும் அந்தத் தெரு வழியாக ஒரு தடவை மணி அடித்துக்கொண்டு போகலாம் அல்லவா? அவள் வீட்டு மதில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். (ஆமாம், சுவரைப் பார்க்கத்தான் இவ்வளவும்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வாலிபர் சங்கத்தின் காரியதரிசி வேறு. சங்கக் கூட்டத்தில் எழுந்து, பாதையைச் சுத்தம் செய்வது நம் தலைமுறையின் கடமை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். தங்கபுஷ்பத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏழு பேர் கை தூக்கினார்கள். அவர்களில் ஒருவன் பொன்ராஜ்.

பொன்ராஜ் சைக்கிள் கடை வைத்திருந்தான். என் வயதுதான். அதிகம் பேசமாட்டான், பேசினால் ஏதாவது ஒன்று சரியில்லை என்றுதான் பேசுவான். "வாத்தியாரே, செயின் தளந்திருக்கு", "வாத்தியாரே, பின் டயர்ல நூல் தெரியுது." அவன் சொல்வது எப்போதும் சரியாக இருந்ததால் எனக்கு அவன்மேல் ஒரு எரிச்சல் உண்டு.

நான்கு சனிக்கிழமை வேலை. நான் சோலார் தொப்பியும் கான்வாஸ் ஷூவும் அணிந்து, கழுத்தில் பள்ளிக்கூடத்து டிரில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். மற்ற ஏழு பேருக்கும் வெறுங்கால். ஒரு விசில் என்றால் வேலை ஆரம்பம், இரண்டு விசில் என்றால் ஓய்வு. ஓய்வில் அவர்கள் உட்கார்ந்து ஒருவர் காலில் ஒருவர் முள் எடுப்பார்கள். நான் என் திறப்பு விழாச் சொற்பொழிவைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு அப்புறம் அம்மா, "விளையில இருந்து ஒருத்தியும் ரெண்டு வாரமா வரலயே, கருவாட்டுக்கு என்ன செய்ய?" என்று அலுத்துக்கொண்டாள். நான் உடனே காகிதத்தை எடுத்து, 'பாதை சீர்கெட்டதால் ஏழைப் பெண்களின் வியாபாரம் முடங்கிக் கிடக்கிறது' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன். கண்ணெதிரே கிடந்த செய்தியை எடுத்து மேடைப் பேச்சில் சொருகிய முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்காவது சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். விளையின் பனைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. கடைசி வளைவில் பாதைக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு முள். நடுவில் ஒரு கம்பு நட்டு, அதில் வேப்பங்குழை கட்டியிருந்தது.

பொன்ராஜ் அரிவாளைக் கீழே போட்டுவிட்டான்.

"வாத்தியாரே, இது வளந்த முள்ளு இல்ல. வெட்டிப் போட்ட முள்ளுல்லா. அன்னா பாருங்க, தூரெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. உள்ள இருந்து போட்டிருக்காவ."

"ஆக்கிரமிப்புடே. பொதுப்பாதையை அடைக்க இவங்க யாரு?"

"குழை கட்டியிருக்கே? எதுக்கோ அடைச்சிருக்காவ. ஒரு சத்தம் குடுத்துக் கேட்டுட்டு எடுப்பமே."

"ஏலே, வேப்பிலையைக் கண்டு பயந்தா சங்கம் எதுக்குடே?"

"பயம் இல்ல வாத்தியாரே, கேட்டுட்டு…"

அவன் முடிக்கவில்லை. நான் விசில் ஊதினேன். ஒரே விசில், வேலை ஆரம்பம்.

இரண்டு மணி நேரம் பிடித்தது. சுத்தமாக எடுத்தோம், ஒரு சுள்ளிகூட விடவில்லை. வேப்பங்குழைக் கம்பைப் பிடுங்கி நானே தூர எறிந்தேன். பிறகு ஒரு கீர்த்தனை பாடினோம். (நான்தான் எடுத்துக் கொடுத்தேன், சுருதி ஏறிவிட்டது.) நான் சைக்கிளில் ஏறி, பிடுங்கிய இடத்தைத் தாண்டி இருபது கஜம் ஓட்டிக் காட்டினேன். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை.

எல்லோருக்கும் தாகம். பனைகளுக்குக் கீழே ஒரு கிணறு இருந்தது. ஓலைப்பட்டையை இறக்கித் தண்ணீர் இறைத்தோம். பொன்ராஜ் மட்டும் தள்ளி நின்றான்.

"மத்தியான நேரம் கெணத்தடியில ஒரு பொம்பள இல்லயே வாத்தியாரே."

"உனக்கு ஆளு வச்சு இறைச்சுத் தரணுமோ?" என்று சொல்லிவிட்டு நானே பட்டையை அவன் முன்னால் நீட்டினேன். காரியதரிசி தன் கையால் நீட்டும்போது மாட்டேன் என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். குடித்தான்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் ஓடி வந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் பெயர் செல்லக்கனி என்று பிறகு தெரிந்தது. வெறும் பாதையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எவம்லே முள்ள எடுத்தது?"

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாலிபர் சங்கம்" என்றேன்.

"ஊருக்குள்ள வாந்திபேதி. ஒம்போது பேரு போயாச்சு. ஒங்க ஊருக்கு வந்துரக் கூடாதுன்னுதான நாங்களா முள்ளப் போட்டு அடைச்சுக்கிட்டு உள்ள கெடக்கோம்!" அவள் பார்வை கிணற்றுக்குப் போனது. ஈரப் பட்டையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "தண்ணி குடிச்சியளா?"

எட்டுப் பேர் மீசையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப உள்ள வாங்க. வீட்டுக்குப் போவக் கூடாது."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். மறுநாள் ஞாயிறு, கோவிலில் எனக்கும் தங்கபுஷ்பத்துக்கும் இரண்டாவது ஓலை வாசிக்கிறார்கள், மாப்பிள்ளை நான் அங்கே இருக்க வேண்டும் என்றேன். (மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபனை கேட்ட பிறகுதான் எங்களில் தாலி.) செல்லக்கனி நேராக வந்து என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல முள்ளப் போடுங்க" என்றாள்.

போட்டோம். இரண்டு மணி நேரம் எடுத்ததை அரை மணி நேரத்தில் திரும்ப அடைத்தோம். நான் எறிந்த கம்பை நானே தேடி எடுத்து வந்து நட்டேன். பாட்டு இல்லை.

விளையின் தலைவராக இருந்தவர் செல்லக்கனியின் புருஷன். முதல் வாரத்திலேயே போய்விட்டார். அப்போதிலிருந்து ஊரை அவள்தான் நடத்தினாள். தேகத்தில் தெம்புள்ள ஆண்கள் எட்டுப் பேர் வந்தது அவளுக்கு ஒரு வகையில் வசதி. "ஒரு விசிலுன்னா வெந்நி போடணும். ரெண்டு விசிலுன்னா குழி வெட்டணும்" என்று உத்தரவு போட்டாள். நான் ஓய்வுக்கு வைத்திருந்த விசில் அது. இன்றைக்கும் எங்காவது இரண்டு விசில் கேட்டால் என் கை மண்வெட்டியைத் தேடும்.

ஞாயிறு மத்தியானம் எங்களைத் தேடி ஊரிலிருந்து ஆட்கள் முள்வரை வந்தார்கள். கிட்ட வர வேண்டாம் என்று கத்தினோம். விவரம் எழுத என்னிடம் இருந்த ஒரே காகிதம் சொற்பொழிவுதான். அதன் பின்பக்கத்தில் எழுதி, கல் வைத்துச் சுருட்டி எறிந்தேன். எங்கள் கோவில் உபதேசியார் கம்பால் பிரித்து, தவறான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "பெரியோர்களே, இந்தப் பாதை நம் ஊருக்குக் கொண்டுவரப் போகும் நன்மைகளை எண்ணிப் பாருங்கள்" என்று உரக்க வாசித்தார். முள்ளுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அன்று காலை தங்கபுஷ்பத்தின் கோவிலில் ஓலை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டபோது, நான் ராத்திரி வீடு திரும்பவில்லை என்ற செய்தி எப்படியோ எட்டியிருந்த அவள் சித்தப்பா எழுந்து, "ஆட்சேபன ஒண்ணுமில்ல. மாப்பிள்ள உசுரோட இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு மூணாவது ஓலய வாசிங்க" என்றாராம். இதைத் தங்கபுஷ்பம் இப்போதும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

திங்கட்கிழமை காலை பொன்ராஜுக்கு ஆரம்பித்தது. இன்னும் இரண்டு பேருக்கும் வந்தது, அவர்கள் தப்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உப்புக் கஞ்சியும் எலுமிச்சம்பழச் சாறும் கொடுத்தோம். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. அதற்கு மேல் செய்ய எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே நாளில் அவன் கண் குழிவிழுந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, கஞ்சியைத்தான் நீட்டினேன். செவ்வாய்க்கிழமை அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"வாத்தியாரே, முன் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு. அப்படியே ஓட்டிராதீங்க, ரிம்மு வளஞ்சுரும்."

அன்று மூன்று மணிக்குப் போய்விட்டான். செல்லக்கனி விசிலை வாயில் வைத்தாள், என்னைப் பார்த்தாள், ஊதாமல் எடுத்துவிட்டாள். நானே போய் மண்வெட்டியை எடுத்தேன்.

மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஊசியும் பிளீச்சிங் பொடியும் கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். முள்ளைக் கொஞ்சம் விலக்கி உள்ளே விட்டோம். இறங்கியதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லயே, பாத ஜோரா இருக்கே! யார் போட்டது?" என்றார். ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். அவருடைய ஊசிக்கு அப்புறம் விளையில் இரண்டே சாவு. அவர் தார் ரோட்டைச் சுற்றி வந்திருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று நண்பர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை பொன்ராஜின் அம்மா முள்ளுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வர விடவில்லை. குழி எந்தப் பக்கம் என்று கேட்டாள், கை காட்டினேன். அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எம்மவன் சின்னதுல இந்த மாதிரி விளையிலதான் வளந்தான். முள்ளுப் போட்டிருந்தா அவனுக்குத் தெரியுமே. ஒங்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லலியாய்யா?"

"சொன்னான்" என்றேன்.

"நீ என்ன சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். பாதி உண்மையாவது சொல்லியிருக்கலாம்.

"விசில் ஊதினேன், அம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாங்கள் வெட்டிய பாதையிலேயே நடந்து போனாள். பாதை அகலமாக, நேராக இருந்தது. அதனால் அவள் போவது வெகுதூரம்வரை தெரிந்தது.

பதினாறு நாள் கழித்து விளைக்காரர்களே முள்ளை எடுத்தார்கள். நாங்கள் ஏழு பேர் வீடு திரும்பினோம். எங்கள் ஊரில் ஒருவருக்கும் பேதி வரவில்லை. மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தங்கபுஷ்பம் வீட்டுக்கு நான் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மூத்த பையன் பிறந்ததும் நானும் தங்கபுஷ்பமும் பொன்ராஜின் அம்மாவிடம் போனோம். அவன் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வையி. ஆனா இவன் ஒண்ணு சொன்னா, கேளு" என்றாள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது சட்டம். பொன்ராஜ் வேண்டாம் என்றால் வேண்டாம். அவனுக்கு நாலு வயதாகும்போது ஒரு தடவை தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக மூட்டை முடிச்சுடன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அவன், "அப்பா, இந்த பஸ் வேண்டாம்" என்றான். காரணம் சொல்லவில்லை. நான் மறுபேச்சு இல்லாமல் ஆறு பேரையும், இரண்டு டிரங்குப் பெட்டியையும், ஒரு பலாப்பழத்தையும் கீழே இறக்கினேன். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த பஸ் ஒரு குறையும் இல்லாமல் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்கு நாங்கள்தான் தாலி கட்டிய பிறகு போனோம். பஸ் ஸ்டாண்டில் அவிச்ச கடலை விற்கிறவனை விட்டுப் போக மனமில்லாமல்தான் பையன் அப்படிச் சொன்னான் என்று பிறகு தெரிந்தது.

இன்றுவரை விசேஷ வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பொன்ராஜ் சொல்லிட்டான், எல்லாரும் எறங்குங்கடே" என்று என் குரலில் யாராவது கத்தினால் பந்தியே குலுங்கும். நானும் சிரிப்பேன். அவன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நாளைக்கே அவன் என்னைப் பார்த்து, வேண்டாம் அப்பா என்றால், நான் காரணம் கேட்காமல் இறங்கிவிடுவேன்.