வளர்ற பிள்ளைக்கு ரெண்டு விரல்

"இது தேவதைப் பாவாடை இல்லையாம். காலையில ப்ரேயருக்கு வரிசையில நிக்கிற பாவாடையாம்" என்று செல்போனைப் பார்த்து வாசித்தாள் டெய்லர் மாஸ்டரின் மனைவி.

மாஸ்டர் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, எதிரே பொம்மைக்கு மாட்டியிருந்த பச்சைப் பாவாடையை நிமிர்ந்து பார்த்தார். ஐயோ! இலை இலையாகத் தொங்க வேண்டிய மினுமினுப்புத் துணி. அதை அவர் கை பெட்டி மடிப்பு வைத்து, முட்டிக்குக் கீழே நாலு விரல் இறக்கி, கர்சீப் வைக்க ஒரு பாக்கெட்டோடு தைத்து முடித்திருந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டுமே தைத்த கை அது. எதைத் தைத்தாலும் மடிப்புக்குள் ரெண்டு விரல் துணி கூடுதலாக விடும். "வளர்ற பிள்ளை, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பது மாஸ்டரின் வேதம். சொந்த மாமனாருக்குச் சட்டை தைத்தபோதும் ரெண்டு விரல் விட்டவர்.

"நமக்கு இதெல்லாம் வேணாம்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"ஸ்கூல் ஆர்டர் ஒண்ணையே கட்டிக்கிட்டு எத்தனை காலம் அழறது? வந்த லட்சுமியை வேணாம்பாங்களா?"

அந்த லட்சுமி வந்தது போன் வழியாக. பெயர் மின்மினி. முகம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் மெசேஜ்தான். ஊருக்கு வெளியே பெரிய திடலில் மூன்று நாள் எலக்ட்ரானிக் மியூசிக் ஃபெஸ்டிவல். மேடையில் ஒரு ஆள் நின்று பட்டனைத் திருகுவாராம், கீழே ஊர்ப்பட்ட ஜனம் குதிக்குமாம். அதற்குக் கதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு போவார்களாம். மின்மினி கேட்டது ரெண்டு: விளக்கு எரிகிற இறக்கையோடு ஒரு காட்டுத் தேவதை, அவளுக்குக் காவலாக ஒரு டிராகன்.

"படத்தைப் பார்த்துத் தைங்கன்னு சொன்னாங்கல்ல? நீங்க படத்தைப் பார்த்தீங்களா?"

"எங்க காட்டின? அளவைத்தானே வாசிச்ச!"

அவள் போனை நீட்டினாள். புத்தகப் பக்கத்தை எடுத்த போட்டோ. மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தேவதை பெரிதானாள். டிராகன் பெரிதானது. ஓரத்தில் ஊதா நிறத்தில் வட்டமாக ஒன்று பெரிதானது.

மாஸ்டர் போனைத் தட்டென்று மேஜையில் வைத்தார்.

"அடிப்பாவி! இது நம்ம ஸ்கூல் லைப்ரரி சீல்!"

"அதனால?"

"அதனாலயா? இந்த மின்மினி அந்த ஸ்கூல்ல படிக்கிற பிள்ளை!"

"அப்ப டிராகன்? இடுப்பு நாப்பத்திநாலுன்னு போட்டிருக்கே. எந்தப் பிள்ளைக்கு நாப்பத்திநாலு இடுப்பு?"

"ஃபெயிலாகி ஃபெயிலாகி அதே பெஞ்சுல உக்காந்திருப்பான்."

"அதான் 'டிராகன் நாள் பூரா உக்காந்தே இருக்கற ஆள், வாலைப் பார்த்துத் தைங்க'ன்னு எழுதியிருக்கு போல" என்றாள் அவள், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

மாஸ்டர் பயந்தது பிள்ளைகளை நினைத்து இல்லை, அந்தப் பள்ளியின் பிரின்சிபாலான பெரிய மேடத்தை நினைத்து. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அடிஸ்கேல். கைப்பையில் மரத்தால் ஆன அடிஸ்கேல் இல்லாமல் அவர் வெளியே வந்ததை யாரும் கண்டதில்லை. வாசலில் நின்று பாவாடை முட்டிக்குக் கீழே எத்தனை விரல் என்று அளந்துதான் உள்ளே விடுவார். முன்பு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த டெய்லர் ஒரு விரல் கட்டையாகத் தைத்துவிட்டார் என்று ஆர்டரையே பிடுங்கிவிட்டார். அந்த ஆள் இப்போது தலையணை உறை தைத்துக்கொண்டிருக்கிறார். ஊரையே அளக்கிற அந்த மேடத்தை டேப் வைத்து அளந்தவன் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த வருஷ ஆர்டரை உறுதி செய்ய, மாதிரி யூனிஃபார்மைப் பார்க்க, இந்த வாரம் எப்போது வேண்டுமானாலும் அவர் வருவார். அந்த ஆர்டர் போனால் கடைக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான்.

"திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் மாஸ்டர்.

"துணியை வெட்டியாச்சு. இனிமே முடிச்சுத்தான் குடுக்கணும். சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் போயிடும்."

அதுவும் சரிதான். மாஸ்டர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மடிப்பைப் பிரித்தார், பாவாடையை முட்டிக்கு மேலே ஒரு விரல் ஏற்றினார். அவர் வாழ்க்கையில் முட்டிக்கு மேலே ஏறிய முதல் பாவாடை. பழக்கதோஷத்தில் உள்ளே மட்டும் ரெண்டு விரல் விட்டுவைத்தார்.

விளக்கு வைத்த இறக்கையையும் பொருத்தி, கடைசித் தையலைப் போட்டு நூலைக் கடித்தபோது வாசலில் கார் நின்றது. மீசைக்கார டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பப் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மேடத்திடம் திட்டு வாங்கி வாங்கி அவருக்குப் பேச்சே மறந்துபோய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள்.

"மாஸ்டர்!"

மாஸ்டர் மேஜை விரிப்பை இழுத்துப் பொம்மையின் மேல் போர்த்தினார். போர்த்திய வேகத்தில் இறக்கையின் சுவிட்ச் அமுங்கிவிட்டது. விரிப்புக்குள் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மினுக்க ஆரம்பித்தது.

"அது என்ன?"

"பல்பு மேடம். ஃப்யூஸ் போகப் போகுது."

மேடம் ஸ்கேல் நுனியால் விரிப்பைத் தள்ளினார். தேவதை சகல அலங்காரத்தோடும் நின்றாள்.

மேடம் கிட்டே போனார். பொம்மையைச் சுற்றி வந்தார். முட்டியில் ஸ்கேலை வைத்தார். இறக்கையின் நுனியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"சத்தியமா தெரியாது மேடம். ஏதோ மின்மினின்னு ஒரு பேரு..."

"நிச்சயமா தெரியாது?"

"என் மெஷின் மேல ஆணை."

"தெரியாமலே இருக்கட்டும்" என்றார் மேடம். "இந்த நீளம் சரியில்ல. இவ்வளவு பெரிய இறக்கை, கூட்டத்துல யார் கண்ணையாவது குத்தாதா? நான் மறுபடி வருவேன்."

மாதிரி யூனிஃபார்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். மாஸ்டர் அப்படியே ஸ்டூலில் சரிந்தார்.

"கண்டுபிடிச்சுட்டாங்க! அவங்க ஸ்கூல் பிள்ளைதான்னு மோப்பம் பிடிச்சுட்டாங்க. 'தெரியாமலே இருக்கட்டும்'னு சொன்னாங்களே, அது மிரட்டல்!"

"இப்ப என்ன பண்றது?"

"அவங்க திரும்பி வரும்போது எல்லாம் அடக்க ஒடுக்கமா இருக்கணும்."

விட்டுவைத்த ரெண்டு விரலையும் பிரித்தார், அடியில் ஒரு பட்டியும் சேர்த்தார். பாவாடை மறுபடி முட்டியைத் தாண்டி இறங்கியது. இறக்கையைக் கத்தரிக்கோலால் பாதியாக்கினார். மனைவி போட்டோ எடுத்து மின்மினிக்கு அனுப்பினாள். பதில் பாய்ந்து வந்தது.

"ஏத்தச் சொன்னா இறக்குறீங்க! இது என்ன, தேவதை இறக்கையா, ஈசல் இறக்கையா? பெரிசாவே வேணும், ஆனா மடங்கணும். பாவாடையை முட்டிக்கு மேல நாலு விரல் ஏத்துங்க."

"நாலா!" மாஸ்டர் அலறினார். அந்த அலறலில் ஊசி விரலில் ஏறியது.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று பெருமூச்சு விட்டாள் மனைவி. "சரி, மடங்குற இறக்கைக்கு என்ன வழி?"

வழி மூலையில் சாத்தியிருந்தது, அவளுடைய பட்டன் குடை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பாவாடையை நாலு விரல் ஏற்றினார்; குடைக் கம்பிகளைப் பிரித்து, ஒட்டுத்துணி போட்டுப் பெரிதாக்கிய இறக்கைக்குள் வைத்துத் தைத்தார். நல்ல வேலைப்பாடுதான், சும்மா சொல்லக் கூடாது. அமுக்கினால் 'டப்'பென்று விரியும். சில சமயம் அமுக்காவிட்டாலும் விரிந்தது. டிராகன் வாலுக்குள் கடையில் கிடந்த வெட்டுத்துணியையெல்லாம் திணித்தார். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று வாலிலும் ரெண்டு விரல் கூட்டினார்.

மின்மினிக்கு அதுவும் போதவில்லை.

"போட்டுக்கிட்டு ஆடி ஒரு வீடியோ அனுப்புங்க. குதிச்சா கிழியுதான்னு பார்க்கணும்."

"யாரு ஆடறது?" என்றார் மாஸ்டர். மனைவி அவரையே பார்த்தாள்.

பட்டப்பகலில் ஷட்டரை இறக்கினார்கள். டிராகன் மாஸ்டருக்குத் தொளதொளவென்று இருந்ததால் வயிற்றில் ஒரு தலையணை. மனைவி தேவதை. உட்கார்ந்தபடியே பூ எம்பிராய்டரி போட்டுப் பெருத்த உடம்பு, தேவதைச் சட்டைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டது. போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, மின்மினி அனுப்பிய பாட்டைப் போட்டார்கள். டும் டும் டும் டும். பாட்டு எப்போது தொடங்கும் என்று மாஸ்டர் காத்திருந்தார். தொடங்கவே இல்லை.

"இதுதாங்க பாட்டு. குதிங்க!"

குதித்தார். முதலில் வெட்கமாக, பிறகு கொஞ்சம் நன்றாகவே. வால் அந்தப் பக்கம் போய் நூல்கண்டுகளைத் தள்ளியது, இந்தப் பக்கம் வந்து மாதிரி யூனிஃபார்மை ஹாங்கரோடு கீழே சாய்த்தது. மனைவி சிரித்துச் சிரித்துக் குதித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாஸ்டர் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

வெளிச்சத்தில் அடிஸ்கேல் நின்றிருந்தார். காலடியில் மாதிரி யூனிஃபார்ம். அந்த நேரம் பார்த்து இறக்கை 'டப்'பென்று விரிந்து, பச்சை சிவப்பு மினுக்கியது.

மாஸ்டர் மண்டியிட்டார். வால் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது.

"மேடம், எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்க ஸ்கூல் பிள்ளைதான். லைப்ரரி சீல் பார்த்தேன்."

மேடத்தின் முகம் வெளிறியது. "சீலா? எங்க?"

மனைவி போட்டோவைக் காட்டினாள். மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். ஸ்கேலைக் கைப்பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார். கோபத்தில்தான் இப்படிச் செய்கிறார் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். ஆர்டர் போச்சு, கடை போச்சு. போனது போகட்டும், யாரோ பெற்ற பிள்ளை இதில் மாட்டிக்கொண்டதே என்று நினைத்தபோது வாய் தானாகப் பேசியது.

"மேடம், ஆர்டரை வேணா எடுத்துக்குங்க. அந்தப் பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதீங்க. என்ன தப்பு பண்ணிச்சு? ஆடணும்னு ஆசை. நான் இப்ப ரெண்டு நிமிஷம் ஆடினேன் மேடம், மனசு லேசா இருக்கு. ஆடட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?"

மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார். போன் இன்னும் டும் டும் என்றது.

"கழட்டுங்க ரெண்டையும். பார்சல் பண்ணுங்க" என்றார் மேடம். "அந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கறேன்."

"மேடம்..."

"பார்சல் பண்ணுங்க மாஸ்டர்."

பார்சல் காரில் ஏறியது. அன்றிலிருந்து மின்மினியிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. "சிக்கிடுச்சு, பாவம்" என்றாள் மனைவி. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அவர் தைத்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு எந்தப் பெண் தெருவில் அழுத முகத்தோடு போனாலும் அவள்தான் மின்மினி என்று பதறினார்.

வாரக் கடைசியில் பள்ளிக் கார் வந்து நின்றது. மேடம் இல்லை. டிரைவர் மட்டும் இறங்கி, யூனிஃபார்ம் துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கடைக்குள் அடுக்கினார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான்னு மேடம் சொல்லச் சொன்னாங்க" என்றார். அவருக்குப் பேச வரும் என்பதே மாஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

சந்தோஷப்படக்கூட மாஸ்டருக்குத் தெம்பில்லை. "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மறைக்காம சொல்லுங்க. அந்தப் பிள்ளையை என்ன பண்ணாங்க?"

டிரைவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். கக்கத்தில் இடுக்கியிருந்த பையிலிருந்து டிராகன் வாலை உருவி மேஜை மேல் வைத்தார்.

"மேடத்துக்கு இறக்கை கச்சிதமாம் மாஸ்டர், எனக்குத்தான் இந்த வாலோட ஸ்டியரிங் முன்னால உக்கார முடியல, வளர்றதுக்கெல்லாம் துணி விடாதீங்க, வர்ற மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட்!"