இருபத்தெட்டாவது விதியும் உன் மாமாவும்

வேங்கிக்கால்,
தை அமாவாசைக்கு முந்தின நாள்

அன்புள்ள தம்பி தருமனுக்கு,

அக்கா வள்ளி எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் தயவில் உடம்புக்குக் குறையில்லை, மனசை மட்டும் கேட்காதே. உன் சம்சாரமும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது இல்லையா, அதனால் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: இந்த அடுக்குமாடி வீடு எனக்கு வேண்டாம். பத்திரம் பண்ணாதே, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிடு.

உனக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமியார் குணம், மாமனார் குணம், பக்கத்து வீட்டு நாய் குணம் வரைக்கும் விசாரித்தோமே, வீடு பார்க்கப் போனபோது குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் குணத்தை விசாரித்தாயா? வீட்டைத்தான் நாம் வாங்குகிறோம் தம்பி, குடித்தனம் பண்ணப்போவது சங்கத்தோடு. அட்வான்ஸ் கொடுத்து, பத்திரத்துக்கு முன்னாலேயே என்னைக் குடிவைத்த பிறகுதான் விதிப் புத்தகமே கையில் கொடுத்தார்கள், நாற்பத்தொரு விதி. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது. பால்கனியில் புடவை காயப்போடக் கூடாதாம். வாசலில் செருப்பு விடக் கூடாதாம். மாதா மாதம் சதுர அடிக்கு மூன்று ரூபாய் பராமரிப்பாம். அறுநூற்று நாற்பது அடி என்றார்கள், நான் உள்ளே அளந்து பார்த்தால் நானூற்றெண்பதுக்கு மேல் ஓரடி இல்லை. மிச்சம் எங்கே என்று கேட்டால் மாடிப்படியிலும் நடையிலும் இருக்கிறதாம். சரி, நம்ம பங்குதானே என்று மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், அதற்கும் ஒரு விதி இருக்கிறது, பத்தொன்பதாவது. இதெல்லாம் போக ஐம்பதாயிரம் வைப்புநிதி, கட்டடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் செலவு பண்ணவாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டேன், அது புத்தகத்தில் இல்லை என்றார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் மாமா போய் ஏழு மாதம் ஆகிறது. தினம் காக்காவுக்குச் சோறு வைக்காமல் நான் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை, உனக்கே தெரியும். அடி அண்ணாமலையில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்கு ஒரு காக்கா வரும். உன் மாமா மாதிரியே ஒரு காலைச் சாய்த்து நடக்கும், சோற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, உப்பு கம்மி என்கிற மாதிரி என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் சாப்பிடும். வேறு யார் அது? இங்கே வந்த பிறகு எட்டு நாள் மொட்டை மாடியில் சோறு வைத்துக் கத்தினேன், ஒரு இறகுகூட வரவில்லை. உன் மாமாவுக்கு வழி கேட்கிற பழக்கம் என்றைக்கு இருந்தது? எங்கே போய்ச் சுற்றுகிறாரோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஒன்பதாம் நாள் வந்துவிட்டார் தம்பி! அதே கால், அதே முறைப்பு. நான் அழுத அழுகையில் ரசம் கரிந்துபோனது.

நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாம் நாள் சங்கச் செயலாளர் ராமகிருஷ்ணன் மாடிக்கு வந்துவிட்டார். ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நடக்கிறபோதுகூட நிலத்தை அளக்கிற மாதிரியே நடப்பார்.

"ஏம்மா, பறவைக்குச் சோறு வைக்கக் கூடாதுனு இருபத்தெட்டாவது விதி இருக்குதே, படிக்கலையா? புறாத் தொல்ல தாங்காம மூணு வருசமா ஒரு பறவைய அண்ட விடாம வெச்சிருக்கோம்."

"பறவைக்கு யாருங்க வெச்சது? எங்க ஊட்டுக்காரருக்கு வெச்சேன்."

"அப்பிடியா? தெனம் வராருன்னா அவரு விருந்தாளி. விருந்தாளின்னா கேட்ல ரிஜிஸ்டர்ல எழுதணும், தெரியுமில்ல?"

கிண்டல் பண்ணினாராம். எனக்கு எப்படித் தெரியும்? மறுநாளே வாட்ச்மேன் சகாதேவனிடம் போய் நோட்டைக் கேட்டேன்.

"யாருக்கா வந்தது? பேரு சொல்லு."

நாற்பது வருஷமாக வாயால் சொல்லாத பேரை இவனிடம் எப்படிச் சொல்வது? நானே வாங்கி எழுதினேன். அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி, "தசரதனா!" என்கிறான்.

"மெதுவா சொல்லுடா."

"வண்டி நம்பர்?"

"பறந்துதான் வந்தாரு."

"கையெழுத்து?"

"உசுரோட இருக்கும்போதே கைநாட்டுடா. இப்ப காலையா வெக்கச் சொல்ற?"

இப்படி ஒன்பது நாள் ஒழுங்காக எழுதினேன். வந்தது ஏழு பத்து, போனது ஏழு இருபது. நேற்று ராமகிருஷ்ணன் நோட்டைப் பார்த்துவிட்டுக் கூட்டம் போட்டுவிட்டார். சங்கத்தை நான் கேலி பண்ணுகிறேனாம். இனி ஒரு பருக்கை வைத்தால் நாளுக்கு ஐந்நூறு அபராதமாம். மூன்றாவது மாடி எல்லம்மாள், ஒரு வார்த்தை என்னோடு பேசாதவள், முதல் ஆளாகக் கை தூக்கினாள். நான் எழுந்து, "நீங்களும் ஒரு நாள் காக்காவா வருவீங்க, அப்ப தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் இந்த வீட்டில் சாப்பிட முடியாது. குடிசையானாலும் சரி, வேறு இடம் பார். முதலில் காக்காவுக்குச் சோறு வைக்கலாமா என்று கேள், அப்புறம் சதுர அடியைக் கேள். உன் பிள்ளைகள் பதினாறும் பெற்று, சங்கம் இல்லாத வீட்டில் தீர்க்காயுசாக இருக்க அக்காவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வள்ளி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அமாவாசை வந்துவிட்டது. இங்கே எல்லாரும் இத்தனை வருஷமும் பக்கத்துக் காலி மனையில்தான் காக்காவுக்குப் படையல் வைப்பார்களாம், இப்போது அங்கே அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். ராமகிருஷ்ணன் கையில் இலையோடு நிற்கிறார், விரதம், முகம் வாடிப்போயிருக்கிறது. மாடியில் பதினாலு இலை போட்டாயிற்றாம், காக்கா தொடாமல் யாரும் சாப்பிட முடியவில்லையாம்.

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு வருவாருங்களா?"

"விதி இருக்குதுங்களே?"

"அத அப்பவே எடுத்தாச்சும்மா, மொதல்ல அவர வரச் சொல்லுங்க. சுகர் மாத்திர போட்டிருக்கேன்."

போய்க் கூப்பிட்டேன். வந்தார். பதினாலு இலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் வைத்ததை விட்டுவிட்டு எல்லம்மாள் இலையில் போய் வடையைத் தூக்கினார். உடனே அவள் ஆரம்பித்துவிட்டாள்: "உங்க ஊட்டுக்காரரு எங்க மாமியாரு வடைய எடுத்துட்டாரு!" நான், "உங்க மாமியாரு வந்து கேக்கட்டும், நீ யாரு கேக்க?" என்றேன். ஒன்றரை மணி நேரம் தம்பி. தொண்டை கட்டிவிட்டது. ஏழு மாதத்தில் நான் இவ்வளவு பேசினது இன்றைக்குத்தான். மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பாதி வடையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டை விட்டுவிடாதே. சீக்கிரம் வந்து பத்திரம் பண்ணிக்கொடு.