அப்பாவின் காரை ஒரு பல் தூக்கிய கதை

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் நான் முதல் வகுப்பு. ஆனால் படிப்பு முடிந்து நான்கு வருடம் வரை ஸ்பானரைத் தொட்டதில்லை. (கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் சம்பளம் வாங்கினேன்.) இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் பொண்ணு மெக்கானிக்கல்" என்றுதான் அறிமுகம் செய்வார்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு போர்டிகோவில் அப்பாவின் பழைய கார் நிற்கிறது. வண்டு மாதிரி முதுகு வளைந்த வண்டி. பின்பக்கம் இறங்கிப்போய், பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசியது. அதனால்தான் இரண்டு வருடமாக அதை எடுக்கவில்லை என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம். கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து அம்மாவை அழைத்து வந்தது அந்தக் காரில்தான். "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவ நானே அதுல கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா அறிவித்துவிட்டார்.

பெருங்களத்தூரில் ஷெட் வைத்திருக்கும் மூர்த்தி அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"ஸ்பிரிங்குக்குப் பதிலா உள்ள முறுக்குக் கம்பி கீதும்மா. துரு ஏறி ஜாம் ஆயிடுச்சு. திங்கக்கிழம வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க, பேஜாராப்பூடும்."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "நான் பாத்துக்கறேன்பா" என்றேன். இன்றுவரை அந்த வாக்கியத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை.

இரண்டு நாள் வீடியோ பார்த்தேன். விஷயம் எளிது என்று தோன்றியது. கம்பியின் இரண்டு முனையிலும் பற்கள். வெளிமுனையில் ஓர் இரும்புக் கை மாட்டியிருக்கும். அந்தக் கைதான் சக்கரத்தைத் தாங்குகிறது. பல் மாற்றி மாட்டினால் வண்டி உயரும்.

சனிக்கிழமை காலை வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்தேன். அப்பா டார்ச் பிடித்தார். துரு எடுக்கும் எண்ணெயை ஊற்றி ஊற்றி அடித்தேன். கம்பி அசையவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அப்பா, லைட்ட இங்க காட்டுங்க."

"அங்கதானே காட்டறேன்."

வெளிச்சம் என் கையிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுவரில் கிடந்தது.

"எங்கப்பா பாக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் விரல்களில் முட்டும்வரை டார்ச்சை மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார்.

அடுத்த அடியில் இரும்புக் கை பிடிப்பிலிருந்து விடுபட்டு, இடி மாதிரி கீழே அறைந்தது. சுத்தியல் பறந்தது. (என் கை அங்கே இருந்திருந்தால் இதை இன்னொரு கையால்தான் எழுதிக்கொண்டிருப்பேன்.)

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே?"

அப்பா தரையில் மண்டியிட்டு, தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பட்டப்பகல். கை அவர் முகத்துக்கு எதிரில்தான் இருந்தது. கார் ஏன் இரண்டு வருடமாக வெளியே போகவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

மறுபடி அடியில் புகுந்தேன். வேலையை முடித்தேன், இரண்டு பக்கமும். உள்முனையில் ஒரு பல் முன்னே தள்ளினால் வெளிமுனையில் ஒரு பல் பின்னே தள்ள வேண்டுமாம். அந்தச் சிறு வித்தியாசம்தான் தேவையான உயரம். நான் முதல் பாதியை மட்டும் செய்திருந்தேன். ஜாக்கியை இறக்கியபோது பின்பக்கம் இறங்க மறுத்து வானத்தைப் பார்த்தது.

அம்மா வந்து பார்த்தார். "ஏன்டி, இது முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதா?"

ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டையில் அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அம்மா பட்டுப்புடவையில் பக்கத்தில். எஞ்சின் உடனே எழுந்தது. (வெளியே எடுக்காவிட்டாலும் வாரம் தவறாமல் அப்பா அதை ஸ்டார்ட் செய்துவைப்பார்.) இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வெகுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"பின்னாடி இவ்வளவு தூக்கி வெச்சிருக்கே, எனக்கு ரோடே தெரியல. நீயே ஓட்டு."

மூக்கைத் தாழ்த்தி நிற்கும் வண்டியில் ரோடு இன்னும் நன்றாகத்தான் தெரியும். அந்த அளவுக்கு நான் மெக்கானிக்கல்தான். சாவியை வாங்கிக்கொண்டேன்.

நத்தை வேகத்தில் போனோம். சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா மேடம், பின்னாடி இப்டி தூக்கிகினு கீது?"

"எல்லாம் என் பொண்ணு வேலைதான்!" என்றார் அப்பா பின்சீட்டிலிருந்து, உரக்க. சர்ச் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார்.

திங்கட்கிழமை மூர்த்தி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை மட்டமாக்கினார். அப்பா பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் தூக்கலாதான் இருக்கு மூர்த்தி" என்றார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். கொஞ்சம் கீது."

அடுத்த வாரம் அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் கூடியதும் அப்பா ஆரம்பிப்பார்: "பொண்ண மெக்கானிக்கல் படிக்க வெச்சேன். மொத வேலையா அப்பன டிரைவர் சீட்லேருந்து எறக்கிட்டா!"

வீடே சிரிக்கும். முதலில் சிரிப்பது நான்தான்.